மாமாவின் மரப் பாதங்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், சின்ன வயதில் பயந்த கதைகள் தானாக வந்துவிடுகின்றன. கிணற்றுக்குள் யாரோ கூப்பிட்டது, பரணில் சத்தம் கேட்டது, பிள்ளை பிடிக்கிறவன் சாக்கோடு தெருவில் போனது. எல்லாவற்றையும் சொல்லிச் சிரிக்கிறோம். நானும் சிரிப்பேன். பிள்ளை பிடிக்கிறவன் பேச்சு வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். உங்களில் ஒருத்தி அதைக் கவனித்துவிட்டுப் போன மாதம் ஏன் என்று கேட்டாள். அன்றைக்குப் பேச்சை மாற்றிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். கொச்சி மட்டாஞ்சேரியில் அரிசிக் கிட்டங்கி ஒன்றின் பின்பக்கம் வரிசையாக ஆறு வீடுகள். அதில் மூன்றாவது எங்களுடையது. அப்பாவுக்கு நகராட்சியில் கொசு மருந்து அடிக்கும் வேலை. காலையில் முதுகில் மருந்துத் தகரத்தைக் கட்டிக்கொண்டு போனால் மாலையில் மண்ணெண்ணெய் நாற்றத்தோடு திரும்புவார். அம்மா, நான், நாலு வயதில் என் தம்பி. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எனக்கு எழுதப் படிக்க மலையாளம்தான் தெரியும். தமிழ் எழுத்தைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

அந்த வருடம் சித்திரை கழிந்ததும் அம்மாவின் தம்பி, என் மாமா, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். அப்பா யாரிடமோ சொல்லி, முன்னால் இருந்த அதே கிட்டங்கியில் அவருக்கு மூட்டை எடை பார்க்கும் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். ஒல்லியாக, உயரமாக இருப்பார். சத்தம் போட்டுப் பேசமாட்டார். என்னை "மருமவளே" என்றுதான் கூப்பிடுவார். தகரப் பெட்டி ஒன்றும், காக்கித் துணியில் சுருட்டிக் கயிறு கட்டிய ஒரு பொதியும் கொண்டுவந்திருந்தார். பெட்டியைத் திறந்தே போடுவார். பொதியை மட்டும் யாரையும் தொடவிடமாட்டார்.

"அதுல என்ன மாமா?" என்று கேட்டேன்.

"கையில குத்தும். தொடாத."

அவ்வளவுதான் சொன்னார்.

அதில் என்ன இருந்தது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். தோலில் துளை போடும் குத்தூசி இரண்டு, நேர் ஒன்று, வளைந்தது ஒன்று. பிறை மாதிரி வளைந்த வாயுள்ள கத்தி. வட்ட முகமுள்ள சுத்தியல். தோலைக் கவ்வி இழுக்கும் குறடு. தேன்மெழுகு உருண்டை, முறுக்கிய நூல்கண்டு, ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க ஒரு மாட்டுக்கொம்புத் துண்டு. மாமாவின் பொழுதுபோக்கு செருப்பும் பூட்ஸும் தைப்பது. அது அவர் தொழில் இல்லை, யாருக்கும் விற்றதும் இல்லை. சிலர் சீட்டாடுவார்கள், சிலர் தூண்டில் போடுவார்கள். அவருக்கு இது.

எப்படி இதில் இறங்கினார் என்று அப்பா ஒரு முறை கேட்டார். "பழைய பூட்ஸ் ஒண்ணு கெடச்சுது அத்தான். உள்ள எப்பிடி இருக்குன்னு பிரிச்சுப் பாத்தேன். திரும்ப ஒண்ணாச் சேக்கத் தெரியல. அதுலதான் மாட்டிக்கிட்டேன்" என்றார் மாமா. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகேறி எர்ணாகுளம் போவார். பிராட்வேயில் ஒரு சந்துக்குள் தோல் துண்டுகளும் ஆணியும் பசையும் விற்கும் கடை இருந்ததாம். திரும்பி வரும்போது ஒரு சாக்குப்பை இருக்கும். படகுத்துறையிலிருந்து தோளில் சாக்கோடு அவர் நடந்து வருவதைத் தெருவில் எல்லாரும் பார்ப்பார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அந்த மழைக்காலத்தில் மட்டாஞ்சேரி முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. எங்கேயோ ஒரு பாலம் கட்டுகிறார்கள், தூண் நிற்கவில்லை, அதற்குப் பலி கொடுக்கக் குழந்தைகளைப் பிடித்துக் கொண்டுபோகிறார்கள், பிடிப்பவர்கள் பாண்டிக்காரர்கள், சாக்கில் போட்டுத் தூக்குகிறார்கள் என்று. பாண்டி என்றால் நாங்கள். தமிழ் பேசுகிறவர்கள்.

இதை எனக்குச் சொன்னவள் பக்கத்துச் சாயாக்கடைக்காரரின் மகள். என் வகுப்பு, என் பெஞ்சு, என் ஒரே சினேகிதி. "நீ பாண்டியல்ல, நீ இவிடத்தெயா" என்று எனக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தாள். நீ இங்கத்தவள் என்று அவள் சொன்னதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

முதல் பயம் வாளியில் தொடங்கியது.

மழை இருட்டிய ஒரு பிற்பகல். கொல்லைப் பக்கம் கை கழுவப் போனேன். மூலையில் இருந்த வாளிக்குள் கையை விட்டேன். தண்ணீருக்குள் ஏதோ தடிப்பாக, வழவழப்பாக, குளிர்ந்து கிடந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது. ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் முடி மழித்த தலை மாதிரி சொரசொரப்பு. நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடி வந்தாள். வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தாள். பழுப்புத் தோல்.

மாலையில் மாமா வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, புழங்குற வாளியில செத்த மாட்டுத் தோலை ஊறப்போட்டு வச்சிருக்கியே, இது என்ன கூத்து?"

"ஊறுனாத்தான் யக்கா அடிக்கலாம். அடிச்சாத்தான் அடித்தோல் இறுகும்."

"அடி, நல்லா அடி. லைன்ல இருக்கிற ஆறு வீட்டுல நாலு வீடு நம்ம ஊர்க்காரங்க. ஊருக்கு ஒரு கடுதாசி போச்சுன்னா எவன் உனக்குப் பொண்ணு குடுப்பான்? செருப்புத் தைக்கிறவன்னு சொல்லமாட்டாங்களா?"

"சொன்னா என்ன? தைக்கத்தானே செய்யுதேன்."

அம்மாவுக்கு அந்தப் பதில் தாங்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாவது நாள் ஒரு முடிவு சொன்னாள். இந்தச் சாமான் எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது, கொல்லையில் விறகு போடும் சாய்ப்பில் வைத்துக்கொள்ளட்டும், அங்கே வேலை செய்யும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், போகும்போது பூட்டிவிட்டுப் போகவேண்டும். யார் கண்ணிலும் படக் கூடாது. அம்மா பயந்தது சாதி சனத்தின் வாய்க்கு. அந்த ஒரு பயத்துக்கு அவள் போட்ட பூட்டு, இன்னொரு பயத்துக்கு எவ்வளவு தோதாகப் போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மாமா மறுபேச்சில்லாமல் பொதியை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போனார்.

அதன் பிறகு சாயங்காலங்களில் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து டக், டக், டக் என்று சத்தம் வரும். கொஞ்சம் நிற்கும். பிறகு நூல் இழுபடும் நீளமான சத்தம். மிளகும் சுக்கும் மணக்கும் எங்கள் தெருவில் அந்தச் சாய்ப்பு மட்டும் வேறு மாதிரி மணத்தது. மெழுகு, பசை, ஈரத்தோல். மழையில் தோலில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். மாமா அதைத் துடைத்து வேப்பெண்ணெய் தடவுவார், அந்த நாற்றமும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டுப் போனார். நான் கதவைத் தள்ளிப் பார்த்தேன்.

பலகை மேல் இரண்டு கால்கள் நின்றன. கணுக்காலோடு வெட்டிய மாதிரி. சின்னக் கால்கள், என் தம்பியின் காலைவிட ஒரு விரல் நீளம் இருக்கும். ஒன்று மஞ்சளாக, மழமழவென்று வெறுமையாக இருந்தது. இன்னொன்றின் மேல் வெளிறிய மெல்லிய தோல் பாதிவரை இழுக்கப்பட்டு, அடியில் சுற்றிலும் ஆணி அடித்திருந்தது. மீதித் தோல் குதிகாலுக்குப் பின்னால் தொங்கியது. பக்கத்தில் அந்தப் பிறைக் கத்தி.

அது பூட்ஸ் தைக்க உதவும் மர அச்சு. அதன் மேல் ஆட்டுத்தோலை இழுத்து ஆணி அடித்து, கால் வடிவம் பிடிக்கவிட்டுத்தான் தைப்பார்கள். இன்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். அன்று எனக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன்.

அப்பாவிடம் சொல்ல ஒரு முயற்சி செய்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, மாமாகிட்ட ரெண்டு கால் இருக்கு."

"எல்லார்கிட்டயும்தாம்மா ரெண்டு கால் இருக்கு" என்றார். கப்பைக் கிழங்கையும் மீனையும் பிசைந்துகொண்டே தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து தம்பியைக் குளிப்பாட்டும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் அவன் கால் விரல்களை எண்ணுவேன். பத்து. மறுநாளும் பத்து. பள்ளிக்கூடம் விட்டதும் யாருக்கும் காத்திராமல் ஓடி வருவேன். அம்மா அதைப் பார்த்து, "தம்பி மேல எவ்வளவு பாசம் பாரு" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை. வெளியிலிருந்து வந்தபோது வாசலில் மாமா குந்தியிருந்தார். தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் மேல் தம்பி ஒரு காலை வைத்து நின்றான். மாமா அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பென்சில் உள்ளங்கால் ஓரத்தில் கூச, தம்பி நெளிந்து நெளிந்து சிரித்தான். கோடு போட்டு முடித்ததும் ஒரு காகிதப் பட்டையை அவன் காலைச் சுற்றிப் பிடித்து அளவு எடுத்தார்.

"அளவு ஏறக்குறைய சரியாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மருமவளே, நீயும் வா, உன் காலைக் காட்டு" என்றார்.

நான் ஓடினேன். நின்ற இடம் சாயாக்கடையின் பின்கட்டு. சினேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கால்கள், தோல், கத்தி, பூட்டு, அளவு. அவள் கண் பெரிதாகிக்கொண்டே போனது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அன்று மாலையே தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மா அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் ஓடிப்போய்ச் சொல்லவில்லை. மனசில் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார் போல.

எட்டு நாள் கழித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ரொட்டிக்கடைக்காரரின் ஐந்து வயது மகனைக் காணவில்லை.

காலை பத்து மணிக்குத் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவன். பதினொன்றுக்கு அவன் அம்மா கூப்பிட்டாள். பன்னிரண்டுக்குத் தெருவே கூப்பிட்டது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கிட்டங்கிகளுக்குள் மூட்டைகளின் பின்னால் தேடினார்கள். கைவண்டிகளுக்கு அடியில், கட்டியிருந்த வள்ளங்களுக்குள் பார்த்தார்கள். காயலில் இரண்டு பேர் மூங்கிலால் துழாவினார்கள். ரொட்டிக்கடைக்காரர் மாவு படிந்த கையோடு தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தார். அவர் வாய் மகன் பெயரைச் சொல்வது தெரியும், சத்தம் வராது.

ஒரு மணிக்குப் பிறகு எங்கள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முப்பது நாற்பது பேர். எனக்குத் தெரிந்த முகங்கள்தான் எல்லாம். தினம் பார்க்கும் சுமைக்காரர்கள், மளிகைக்கடை ஆட்கள், படகுத்துறையில் கடலை விற்பவர். முன்னால் சாயாக்கடைச் சேட்டன். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

அப்பா தேடுகிறவர்களோடு படகுத்துறைப் பக்கம் போயிருந்தார். அம்மா வாசலுக்கு வந்து, "எந்தா சேட்டா?" என்று கேட்டாள். இரண்டு பேர் அவளைத் தாண்டி வீட்டுக்குள் போனார்கள். அம்மா அவர்கள் பின்னால் உள்ளே ஓடினாள்.

சாயாக்கடைச் சேட்டன் என் முன்னால் குந்தினார். என் முகத்தின் உயரத்துக்கு அவர் முகம் வந்தது. நல்ல மனிதர். எனக்கு எத்தனையோ முறை உடைந்த பிஸ்கட்டை அள்ளிக் கொடுத்திருக்கிறார். மெதுவாகக் கேட்டார்.

"மோளு பேடிக்கண்ட. கண்டது பறஞ்சா மதி."

பயப்படாதே, பார்த்ததைச் சொன்னால் போதும்.

அத்தனை பெரியவர்கள் குனிந்து என் வாயைப் பார்த்தார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பையனுக்கு என்ன ஆகும் என்று பயம். சொன்னால் மாமா என்ன செய்வார் என்று பயம். இன்னொன்றும் இருந்தது, மறைக்கமாட்டேன். சொல்லாவிட்டால் நானும் பாண்டி ஆகிவிடுவேன் என்ற பயம்.

"ஞான் கண்டு" என்றேன். "கொச்சு காலாணு. ரெண்டெண்ணம். தொலி உரிச்சதா."

நான் பார்த்தேன். சின்னக் கால். இரண்டு. தோல் உரித்தது. என் மலையாளம் அன்று ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

"எவிடெ?"

கொல்லையைக் கை காட்டினேன். நீட்டிய கையை இறக்காமலே அவர்களோடு சாய்ப்பு வரைக்கும் போனேன்.

மாமா சாய்ப்புக்குள்தான் இருந்தார். அந்த ஞாயிறு பிராட்வே போகவில்லை. அம்மா சொன்னபடி கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார். சுத்தியல் சத்தத்தில் தெருவில் நடந்தது எதுவும் அவர் காதில் விழவில்லை. கதவு இடிபடும்போது எழுந்து திறந்தார். கையில் அந்தக் கத்தி இருந்தது. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும் என்று எந்த மனிதன் நினைப்பான்?

"குட்டி எவிடெடா?" பிள்ளை எங்கே என்று யாரோ கத்தினார்கள்.

மாமா வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு மலையாளம் பாதி புரியும், பேச வராது. பலகை மேல் நின்ற கால்களை எல்லாரும் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"பழகுறதுக்குங்க" என்றார். "சின்னக் கால்னா தோல் கொஞ்சம் போதும்."

அவர் சொன்னது உண்மை. பெரிய அச்சு என்றால் தோல் நிறைய வேண்டும். பிள்ளைகளின் பூட்ஸ் செய்து பழகினால் தப்பு நேர்ந்தாலும் நட்டம் குறைவு. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு என்ன கேட்டது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கால் என்றும் தோல் என்றும் இரண்டு சொற்கள் எல்லாருக்கும் புரிந்தன.

முதல் அடி யாருடையது என்று நான் பார்க்கவில்லை. கைவண்டியின் மரத்தடி ஒன்று மேலே போய்க் கீழே வந்தது. மாமா "யக்கா" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டார். அதன் பிறகு கூப்பிட முடியவில்லை. கத்தி நழுவிய கையை யாரோ மிதித்தார்கள். பிறகு இன்னொருவர் அதே கையை. அம்மா கூட்டத்துக்கு வெளியே நின்று ஒவ்வொரு முதுகாகக் குத்தினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நான் அழவில்லை. கொல்லைக் கிணற்றின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாசி வழுக்கியது இன்னும் என் விரலில் இருக்கிறது.

ஒரு சுமைக்காரர், வயதானவர், சாய்ப்புக்குள் நுழைந்து அந்தக் கால்களில் ஒன்றைக் கையில் எடுத்தார். எடுக்கும்போதே அவர் முகம் மாறியது. கதவு நிலையில் அதைத் தட்டினார். டொக் என்றது.

"மரமா!" என்றார். "எடா, இது மரமாணு!"

அடி உடனே நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் கேட்டார்கள், பின்னால் இருந்தவர்கள் கேட்கவில்லை. கேட்டவர்களில்கூட ஒருவர், ஓங்கிய காலை என்ன செய்வது என்று தெரியாதவர்போல, அதை இறக்கினார்.

அப்போதுதான் தெருவிலிருந்து கூவல் வந்தது. "குட்டியெ கிட்டி! கிட்டி!"

பையன் கிடைத்துவிட்டான். கூட்டத்தோடு கூட்டமாகப் படகில் ஏறி எர்ணாகுளம் போயிருக்கிறான். அங்கே இறங்கத் தெரியாமல் படகிலேயே உட்கார்ந்திருக்கிறான். படகுக்காரர்கள் பழம்பொரி வாங்கிக் கொடுத்து, இரண்டு நடை தங்களோடு வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் கொல்லையில் இருந்த அத்தனை பேரும் துறையை நோக்கி ஓடினார்கள். சிரித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அரை நிமிடத்தில் கொல்லை காலியானது. மாமா சேற்றில் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையில் ஏந்தி, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வலது கையில் மூன்று விரல்கள் உடைந்திருந்தன. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். போலீசுக்குப் போகலாம் என்று லைனில் ஒருவர் சொன்னார். அப்பா வேண்டாம் என்றார். "நாம இங்க பொழைக்க வந்தவங்க. நாளைக்கு இதே தெருவுலதான் நான் மருந்து அடிக்கணும்." மறுநாள் அதே தெருவில் மருந்து அடிக்கவும் போனார். அவரைக் கோழை என்று நான் பல வருடம் நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை.

சாயாக்கடைச் சேட்டன் ஒரு வாரம் தினமும் தூக்குச் சட்டியில் பால் சாயா கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதை எடுத்து அப்படியே சாக்கடையில் ஊற்றிவிட்டுச் சட்டியைக் கழுவி வைப்பாள்.

அந்த மரக் கால்களை இனி ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது என்று அம்மாவுக்கு ஆகிவிட்டது. என்னைக் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். முந்தானையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். மரம் அல்லவா, இரண்டும் மூழ்காமல் மிதந்தன. விரல் நுனி மேலே தெரிய, அலையில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, வள்ளங்களுக்கு நடுவே நடப்பதுபோல மிதந்தன. நீர் ஏற்றமா இறக்கமா தெரியவில்லை, திரும்பத் திரும்பப் படிக்கட்டுக்கே வந்தன. அம்மா குனிந்து குனிந்து கையால் தள்ளினாள். "போ, போ" என்றாள். அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

யார் சொல்லித் தெரு வந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. அவள் அந்த நேரம் வீட்டுக்குள் இருந்தாள். சாயாக்கடைக்காரி கிளப்பிவிட்ட வதந்தி என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். சேட்டனும் அவர் வீட்டாரும் என் பெயரைச் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

ஆனால் அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. கட்டுப் போட்ட கையோடு இரண்டு மாதம் எங்கள் வீட்டில் இருந்தார். அந்த இரண்டு மாதத்தில் "மருமவளே" என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. நான் அறைக்குள் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். தம்பி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டால், இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொள்வார். தூக்கியபடியே என்னைப் பார்ப்பார். நான் அவரைப் பார்த்துப் பயந்திருக்கிறேன், பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அவர் முகத்தில் இருந்தது. பத்து வயதுப் பெண்ணைப் பார்த்து. புரட்டாசியில் ஊருக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் வரவில்லை. என் கல்யாணத்துக்கு மணியார்டர் வந்தது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணம் தோல்தானா, விரல்களா, வேறு ஏதாவதா, கேட்டறிய வழியில்லை.

எனக்கு இருபத்துமூன்று வயதானபோது, கணவரோடு குற்றாலம் போன சமயத்தில், அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் என் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு மாமாவைத் தேடிப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

தெருவை ஒட்டிய ஒற்றை அறை. முன்பக்கச் சுவரே இல்லை, கடைகளுக்கு இருப்பதுபோல முழுக்கத் திறந்து கிடந்தது. அதில் ஒரு பலகையின் முன்னால் உட்கார்ந்து அவர் தைத்துக்கொண்டிருந்தார். இடது கையால். வலது கையின் மூன்று விரல்கள் மடங்காமல் நீட்டியபடி இருந்தன. அவற்றுக்கு நடுவில் தோலை இடுக்கிப் பிடித்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை யார் என்று அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பா, அம்மா, தம்பி எல்லாரையும் விசாரித்தார். தம்பிக்குப் படிப்பு எப்படி என்று கேட்டார்.

"இப்பமும் தைக்கீங்களா மாமா?"

"விட முடியல. அரிசி மில்லுல வேலை, சாயங்காலம் இது. திறந்துபோட்டுத்தான் செய்வேன். போற வாறவங்க எல்லாரும் பாக்கட்டும்."

நான் சொன்னேன். "மாமா, அன்னிக்கு அவங்ககிட்டச் சொன்னது நான்தான்."

அவர் நூலை மெழுகில் இழுத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியும்மா. சாய்ப்புக் கதவைத் திறந்தப்பவே பாத்தேனே. நீ கையை நீட்டிக்கிட்டு நின்னே." இன்னொரு தடவை நூலை இழுத்தார். "நீ சின்னப் பிள்ளை. பயந்துட்டே. உன் பேர்ல எனக்கு ஒண்ணுமில்ல."

எனக்கு அழுகை முட்டியது. முகத்தைக் கழுவிக்கொள்ளப் பின்பக்கம் போனேன். மகள் பலகையின் பக்கத்தில் நின்று, சிதறிக் கிடந்த தோல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பின்கட்டில் தொட்டித் தண்ணீரை அள்ளி இரண்டு கை முகத்தில் அடித்திருப்பேன்.

"ஏம்மா! இங்க வா! சீக்கிரம் வா!"

அந்தக் குரலில் நான் இருந்த இடம் மறந்து ஓடி வந்தேன். மகளுக்கு எதுவும் ஆகவில்லை. மாமாவின் இடத்தில், அவர் உட்கார்ந்திருந்த பலகையில் ஏறி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா அங்கே இல்லை. நடுத்தெருவில் வெயிலில் நின்றார். மூச்சு வாங்கியது. இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பித் தெருவைப் பார்த்தார்.

"பிள்ளையை என்கிட்டத் தனியா விட்டுட்டுப் போகாதம்மா" என்றார். "மடியில ஏற வந்துது. நான் தொடல. நீயே கேட்டுப் பாரு, நான் தொடவே இல்ல."

நான் மகளைத் தூக்கிக்கொண்டேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர் தெருவிலிருந்து உள்ளே வந்தார்.